நானும் என் பாடும்

ஒரு நாளில் எத்துணை முறை 'நான்' என்னுஞ் சொல் தம் நாவிற் பிறக்கின்றது என்று எண்ணிப் பார்த்தார் சிலரே. தமிழ் பயிலும் மாணாக்கர் ஒரு சொல்லைக் கண்டவுடன் அதன் பகுதி யாது, விகுதி யாது, அது குறிக்கும் பொருள் யாது என்று வினவப் பழகியுள்ளோம். 'வலை' என்றால் வலையைக் காட்டலாம்; 'படகு' என்றால் படகைக் காட்டலாம். 'நான்' என்னுஞ் சொல் குறிக்கும் பொருளை எவ்விடத்துக் காட்டுவது? மார்பைத் தொட்டுக் காட்டுகின்றோம். ஆயின் அம்மார்பையே 'என் மார்பு' என்றும் கூறுகின்றோம். உடையவன் வேறு, உடைமை வேறு அன்றோ? 'என் கை', 'என் மனம்', 'என் நினைவு' என்று ஒவ்வொன்றாக உடைமைப் பக்கத்தில் ஒதுக்கிவிட்டால், உடையவன் பக்கத்தில் எஞ்சி நிற்பது யாது?

இவ்வினாவுக்கு விடையை நூல்களில் மட்டும் தேடி அமைதல் போதாது. அவரவர் தம் பட்டறிவை நேரே நோக்கியே தேடல் வேண்டும் என்பது எம் கருத்து. அங்ஙனம் நோக்கினால் நம்மைவிட்டுக் கழிவது 'எனது' என்னும் பிடியே என்பதும், அது கழிந்தபின் நம் கடமை குறையாது மிகும் என்பதும் யாம் இக்கட்டுரையிற் கூறப்புகுவன.

"இஃது இளைஞர்க்கு எற்றுக்கு? முதியோர்க்கும் துறவோர்க்கும் உரிய ஆராய்ச்சி அன்றோ?" எனச் சிலர் வினவுவர். அவர்க்கு மதுரை மாநகரில் நிகழ்ந்த ஒரு செய்தியை நினைப்பூட்டுவோம். 1879ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 30ஆம் நாள் திருச்சுழியிற் பிறந்த வேங்கடராமன் என்னும் சிறுவர், மதுரையில் அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியிற் பயின்றுவந்தார். எம்மைப்போல் மிஷன் கல்விச்சாலை மாணவரே அவரும். 1896ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், பதினாறு வயது நிரம்பியிருந்த காலத்து, தம் சிறிய தந்தையார் இல்லத்து மாடியறையில் தனித்திருந்தபோது, 'இறந்துவிடுவேன்' என்னும் அச்சம் திடீரென அவரைப் பற்றிற்று. நோய் யாதும் இல்லை. மருத்துவரை அழைக்கவோ வீட்டாரிடம் சொல்லவோ அவர் ஓடினாரல்லர். நிலத்தில் நீட்டிப் படுத்தார். கைகால்களைப் பிணம்போல் விறைக்க வைத்தார். மூச்சையடக்கி வாயை இறுக மூடினார். "இவ்வுடல் இறந்தது; இதனைச் சுடுகாட்டிற்குக் கொண்டு செல்வர்; இதனோடு நானும் இறந்தேனோ?" என்று தம்முள் வினவினார். உடல் அசைவற்றுக் கிடக்கவும் அதனை அறிந்துநிற்கும் உணர்வு ஒன்று ஒழியாதிருத்தலைக் கண்டார். சில வாரங்களில் வீட்டை நீங்கி, அவ்வாண்டு செப்டம்பர்த் திங்கள் முதல் நாள் திருவண்ணாமலை சேர்ந்தார். 1950ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் உடல் நீங்கும்வரை அங்கேயே இருந்த அவரை உலகம் இரமண மகரிஷி என்று அறியும். 1902ஆம் ஆண்டளவிற் சிவப்பிரகாசம் பிள்ளை என்பார் கேட்ட வினாக்களுக்கு அவர் எழுதிக் காட்டிய விடைகளே பின்னர் 'நான் யார்?' என்னும் சிறு நூலாயின.

அவர் கண்ட முடிபினை ஏற்றலும் ஏலாமையும் அவரவர் உள்ளத்தைப் பொறுத்தன. யாம் ஈண்டு எடுத்துக்கொள்வது அவர் கொண்ட முறையையே. அச்சம் வந்தபோது அவர் அதனைவிட்டு ஓடாமல் அதன் எதிரே அமர்ந்து, அஞ்சுவது யார் என்று நோக்கினார். இரவல் விடையால் மனநிறைவு கொள்ளவில்லை. பொறிநூலும் உயிர்நூலும் பயிலும் எம் நண்பர்கள் ஆய்வுக்கூடத்தில் மேற்கொள்வதும் இம்முறையே அன்றோ? கருவி ஒன்றே வேறு.

இங்ஙனம் நோக்கினார் எல்லாரும் ஒன்றே கண்டனர் என்று யாம் கூறவில்லை. ஸ்காட்லாந்து நாட்டு டேவிட் ஹியூம் என்னும் மெய்யியலறிஞர் 1739ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், தம்முள் எத்துணை ஆழ்ந்து நோக்கினும் ஏதேனும் ஓர் உணர்ச்சியே எதிர்ப்படுவதன்றி அவ்வுணர்ச்சிகளையுடைய ஒருவன் தனியே எதிர்ப்படவில்லை என்றார். அவரே அடுத்த ஆண்டிற் சேர்த்த பிற்சேர்க்கையில், சிதறிய அவ்வுணர்ச்சிகளை ஒன்றாகப் பிணிப்பது யாது என்பதைத் தம்மால் விளக்க இயலவில்லை என ஒப்புக்கொண்டார். அவருக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே புத்தர் பெருமான், மக்கள் 'நான்' என்பது ஐந்து கந்தங்களின் கூட்டமே என்றும், அவற்றுள் எதுவும் நிலையான ஆன்மா அன்று என்றும் அறிவுறுத்தினார். அவர் அறத்தைத் தமிழில் விரித்துரைக்கும் பெருங்காப்பியம் மணிமேகலை என்பதை நம் வகுப்பினர் அறிவர். மற்றொரு பக்கம், பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தின் மூன்றாம் நூற்பாவில் எதிர்வழக்காடுகின்றார். 'அப்படி ஒன்று இல்லை' என்று மறுத்துரைக்கும் அறிவே அஃது உண்டு என்பதற்குச் சான்று என்பதும், 'என் உடல்' என்று பிரித்துக் கூறுதலால் உடலின் வேறாய் உயிர் உண்டு என்பதும் அவர் காட்டும் ஏதுக்களுட் சில.

இவர் முடிபுகள் ஒன்றோடொன்று மாறுபடுகின்றன. எனினும் ஓரிடத்தில் அனைவரும் உடன்படுகின்றனர். வந்து போவது எதுவோ, அதனை 'நான்' என்று பிடித்துக்கொள்ளுதல் பிழை என்பதே அவ்விடம். பசி வந்து போகின்றது; சினம் வந்து போகின்றது; புகழ்ச்சி கேட்ட மகிழ்ச்சி வந்து போகின்றது. சமய வேறுபாட்டுக்கு அப்பால் இத்துணை தூரம் நாம் யாவரும் கூடி நடக்கலாம்.

நம் தாய்மொழியே இதற்கு வழித்துணையாய் நிற்றலை யாம் வியப்போடு கண்டோம். ஆங்கிலத்திற் பசியைக் கூறுவான், தன்னையே எழுவாயாக்கி, 'நான் பசியுடையேன்' என்னும் பொருள்படக் கூறுகின்றான். தமிழன் 'எனக்குப் பசிக்கின்றது' என்கின்றான். 'எனக்குத் தெரிகின்றது', 'எனக்குத் தோன்றுகின்றது', 'எனக்கு வலிக்கின்றது', 'எனக்குப் பிடிக்கின்றது' என இவ்வாறே பல. இவற்றுள் 'நான்' எழுவாயாய் நிற்கவில்லை. கொள்வோனைக் குறிக்கும் நான்காம் வேற்றுமையில் நிற்கின்றது. பசியை யாரும் செய்யவில்லை, அது வருகின்றது, வந்து சேரும் இடமே 'எனக்கு'. இலக்கண வழக்கினால் மெய்யியல் முடிபை நிறுவிவிட முடியாது என்பது யாம் அறியாததன்று. ஆயினும், பட்டறிவை உள்ளவாறு நோக்கிய முன்னோர் வாயில் இவ்வாட்சி எளிதாய்ப் பிறந்திருக்கக் கூடும் என்று எண்ணுதல் தவறாகாது.

இனி, "இவ்வாராய்ச்சி மலைக்குகைக்கும் நூலகத்துக்குமே உரியது, உழைத்துண்பார்க்கு இதனால் ஆவதென்ன?" என்னும் தடையை நோக்குவோம். விடையை உழைப்பார் ஊரிலேயே தேடுதல் நேர்மையாகும். சென்னைக்கு வடக்கே திருவள்ளூர் மாவட்டத்தில், ஏரிக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் பழவேற்காட்டு மீனவர் குப்பங்களில் விடுமுறையிற் சில நாள் தங்கும் வாய்ப்பு எமக்குக் கிட்டிற்று. ஆண்டுக் கண்டவை கொண்டு மேலே செல்வோம்.

பழவேற்காட்டு ஏரி உவர்நீர்க் காயல்களுள் இந்தியாவில் சிலிகாவுக்கு அடுத்துப் பெரியது. தமிழ்நாட்டின் வடகோடியிலும் ஆந்திர நாட்டின் தென்கோடியிலுமாகச் சற்றேறக்குறைய 60 கிலோமீட்டர் நீண்டு கிடப்பது. ஆரணியாறும் காளங்கியாறும் மழைக்காலத்து நன்னீரைக் கொணர்ந்து சேர்க்கின்றன. கடல் முகத்துவாரத்தின் வழியே உவர்நீரைப் புகுத்துகின்றது. கோடையில் நீர் வற்றி உப்பு மிகும். மழையில் உப்புக் குறையும். முகத்துவாரமோ மணல் சேர்ந்து அடைபடுவதும் மீளத் திறப்பதுமாய் உள்ளது. நேற்றிருந்த நீர் இன்றில்லை. இதில் எந்த நீர் ஏரி? வரும் நீரோ, போகும் நீரோ? 'ஏரி' என்னும் பெயர் மாறாதிருத்தலால் உள்ளே மாறாத பொருள் ஒன்று கிடப்பதாக நாம் கருதிவிடுகின்றோம். நம் பெயரைப் பற்றியும் இவ்வாறே கருதுகின்றோம் போலும்.

அவ்வூரில் 1613ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் எழுப்பிய கெல்டிரியாக் கோட்டை இன்று இடிந்து புதர் மண்டிக் கிடக்கின்றது. அவர்தம் கல்லறைத் தோட்டம் எஞ்சியுள்ளது. வாயிலில் எலும்புக்கூட்டு உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. உள்ளே பெரிய கற்களிற் பெயரும் குலச்சின்னமும் பொறிக்கப்பட்டுள்ளன. அப்பெயருடையார் ஒவ்வொருவரும் 'நான்' என்று அழுத்தமாய்ச் சொன்னவரே. சொன்ன நா மண்ணாயிற்று. கல் மட்டும் அப்பெயரைச் சுமந்து நிற்கின்றது.

காயலின் ஆழமற்ற பகுதியில் இருளர் குலப் பெண்டிர் கையால் இறால் தடவிப் பிடிப்பர். பனையோலைப் பறியைப் பல்லாற் கடித்துக்கொண்டு, கலங்கிய நீரில் இரு கைகளையும் சேற்றின்மேல் மெல்லச் செலுத்துவர். கண்ணுக்கு யாதும் புலனாகாது. விரல் நுனியே கண். இறால் இது, சிப்பி இது, வேர் இது என்று அவ்விரல்கள் நொடியிற் பகுத்தறியும். அதனைக் கண்டு நிற்கையில் எமக்கு ஓர் எண்ணம் தோன்றிற்று. நீருக்குள் உள்ளவற்றையெல்லாம் பற்றவல்ல அக்கை, பற்றுகின்ற தன்னைத்தானே பற்றவல்லதோ? அன்று. பற்ற முடியாமையால் கை இல்லையென்று ஆகுமோ? அதுவும் அன்று. 'நான்' என்பதை நாடுவார்க்கு நேர்வதும் இதுவே எனத் துணிகின்றோம். கரையில் அமர்ந்து கண்மூடி நோக்கினால், நீரலையின் ஒலி வருகின்றது, கருவாட்டின் மணம் வருகின்றது, கொசுக்கடி வருகின்றது, வரவிருக்கும் தேர்வின் நினைவு வருகின்றது, 'நான் நன்றாக நோக்குகின்றேன்' என்னும் செருக்கும் ஒரு நினைவாகவே வருகின்றது. வருவனவற்றுள் 'நான்' அகப்படவில்லை. ஆயினும் நோக்கு இல்லை என்று கூறவும் இயலவில்லை. இவ்விடத்தில் ஹியூம் சொன்னதும் மெய். மெய்கண்டார் சொன்னதும் மெய். 'என்னுடைய பொருள்' என்று உள்ளங்கையில் எடுத்துக்காட்டத்தக்கதாய் ஆண்டு ஒன்றும் இல்லை என்பதே எமக்குப் புலனாயிற்று.

இக்காட்சியின் பயனை விளக்க அவ்வூர் மீனவர் வழங்கும் ஒரு சொல்லே போதும். முகத்துவாரத்தை அடுத்து இறால் மிகுதியாய்க் கிடைக்கும் நீர்ப்பகுதிகளை அவர்கள் 'பாடு' என்பர். கழி ஊன்றி வலை கட்டத்தக்க அவ்விடங்கள் சிலவே, வலையுடையாரோ பலர். வலியவன் ஒருவனே நாளும் நல்லிடத்தைப் பற்றிக்கொள்ளாதபடி, தலைக்கட்டுகளைக் கணக்கிட்டு, இன்னார்க்கு இன்ன நாள் இன்ன இடம் எனச் சீட்டாலும் சுழல்முறையாலும் ஊரார் பகிர்ந்தனர். வழிவழி வந்த இவ்வழக்குக்குப் 'பாட்டுமுறை' என்று பெயர். இலங்கையில் நீர்கொழும்புக் காயலிலும் இதனையொத்த சீட்டு வழக்கு உண்டு.

'பாடு' என்பது 'படு' என்னும் முதனிலை திரிந்த தொழிற்பெயர். வலையில் மீன் படுதலும் பாடு. உடல் வருந்திப் படுதலும் பாடு. ஒருவனுக்கு வாய்த்த முறையும் பாடு. கிறிஸ்து பெருமானின் துயரத்தைத் தமிழ்க் கிறிஸ்தவர் 'பாடுகள்' என்றே வழங்குகின்றனர். 'இன்று என் பாடு' என்று மீனவன் சொல்லுங்கால், 'இந்நீர் எனது' என்று அவன் சொல்லவில்லை. நீரை அவன் படைக்கவில்லை. மீனை அவன் வளர்க்கவில்லை. நாளை அவ்விடத்து மற்றொருவன் கழி ஊன்றுவான். அதனால் அவன் இன்று வலையைச் சோரவிடுகின்றானோ? இல்லை. நீரோட்டத்துக்குக் காத்து விழித்திருக்கின்றான். தவறவிட்டால் மீண்டும் முறை வரும்வரை பொறுக்க வேண்டும் என்பதை அறிவான். உடைமையன்மையே அவனை விழிப்புடையவனாக்குகின்றது.

"நான் என்று ஒன்று அகப்படவில்லையெனின், கடமையை யார் செய்வது? பழிக்கு யார் பொறுப்பு?" என்று வினவுவார்க்கு எம் விடை இதுவே. இவ்வாராய்ச்சியால் நம்மிடமிருந்து எடுக்கப்படுவது பட்டயமே; பாடு எடுக்கப்படவில்லை. உடலும் அறிவும் ஆண்டுகளும் ஒரு முறையாக நமக்கு வாய்த்துள்ளன. அம்முறையில் நம் வலையை நாமே கட்ட வேண்டும். அறுந்த கண்ணிகளை நாமே முடிய வேண்டும்.

பிறிதோர் எச்சரிக்கையும் கூறுதல் வேண்டும். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை தமிழகக் கடற்கரையைத் தாக்கியபோது மகவிழந்த தாயர் பலர். அத்தகைய ஒரு தாயிடம் சென்று, 'இழந்தேன் என்கின்றாயே, அந்த நான் யார்?' என்று வினவுவானாயின் அவன் அறிஞன் அல்லன், கல்நெஞ்சன். இவ்வினா ஒவ்வொருவனும் தன்னைநோக்கிக் கேட்டற்கு உரியது. பிறர் துயரைச் சிறிதாக்கக் கருவியாகக் கொள்ளற்கு உரியதன்று. வேங்கடராமன் தம் அச்சத்தையே ஆராய்ந்தார். அடுத்தவர் அச்சத்தை அன்று. 'என் துயர்' என்னும் பிடி தளர்ந்தவர்க்குப் பிறர் துயர் முன்னையினும் தெளிவாய்த் தோன்றவேண்டும். தோன்றாதாயின் அவர் ஆராய்ச்சியில் எங்கோ வஞ்சம் உண்டு.

ஈண்டு நம் இலக்கணம் மீளவும் உதவுகின்றது. 'மரம்' என்பதற்கு 'மரங்கள்' என்பதுபோல 'நான்' என்பதற்கு மெய்யான பன்மை இல்லை. நான் பலர் ஆகேன். ஆதலின், தன்னோடு பிறரையும் சேர்த்துக்கொண்டு கூறுதலையே தன்மைப் பன்மையாகக் கொண்டு, அதனை 'உளப்பாட்டுத் தன்மை' என்றனர் உரையாசிரியர். 'நாம்' என்பது பிறரை உள்ளடக்கிய 'நான்'. நன்று. ஆயின் யாரை உள்ளடக்குகின்றோம், யாரைப் புறத்தே நிறுத்துகின்றோம்?

பாட்டுமுறையைப் புகழ்ந்த யாம் அதன் எல்லையையும் மறைத்தல் ஆகாது. அவ்வுரிமை மரபாகச் சில ஊர்ப் பட்டினவர் குடும்பங்களுக்கே உரியது. சேற்றிற் கைதடவி இறால் பிடிக்கும் இருளப் பெண்ணுக்கு அதிற் பங்கில்லை. ஒருவன் தனித்துப் பறித்துக்கொள்ளாதபடி தடுத்த அதே முறை, ஒரு குலம் சேர்ந்து தனக்கென்று வைத்துக்கொள்ளுதலைத் தடுக்கவில்லை. அவ்வூராரை மட்டும் குறை கூறுதல் எம் நோக்கமன்று. நாடெங்கும் நடப்பதே அங்கும் நடக்கின்றது. 'நான்' என்னும் செருக்கைவிட்டதாக எண்ணும் ஒருவன், 'நாங்கள்' என்னும் பெயரில் அதனையே பன்மடங்காக வளர்த்துக்கொள்ளுகின்றான். எம் குலம், எம் சபை, எம் கல்லூரி, எம் மொழி என்னும் பெயர்களில் அது பணிவுடையதுபோலத் தோன்றும். தனி 'நானை' வினவிய கூர்மையோடு இந்த 'நாங்களையும்' வினவாத ஆராய்ச்சி அரைகுறையே. கிறிஸ்தவர் ஆகிய எம்மனோர்க்கு இது மிகவும் வேண்டுவது. தன்னை மறுத்தல் எம் சமயத்தின் முதற்பாடம்; எனினும் எம் கோயில்களிலும் கல்லறைகளிலுங்கூடக் குலவேலி நின்ற வரலாற்றை நாம் அறிவோம். தனியே தன்னை மறுத்துக் கூட்டத்தில் தன்னை நிறுவிக்கொள்ளுதல் எத்துணை எளிது என்பதற்கு அஃது ஒன்றே சான்று.

நண்பர்காள்! நம் கல்லூரி வாழ்வே 'நான்' என்பதைப் பெருக்குதற்கு வாய்ப்பானது. மதிப்பெண், பரிசு, பட்டம், சுவரிற் பொறித்த பெயர்ப்பலகை ஆகிய யாவும் 'இவன் இன்னான்' என்று நம்மை நம்மிடமே கூறுகின்றன. இவை வேண்டா என்பது எம் கருத்தன்று. இவையும் பாடே; முறைப்படி வந்தவை, முறைப்படி மற்றொருவரிடம் செல்வன. தேர்வில் முதன்மை பெற்றபோது, 'பெற்றது யார்?' என்று ஒருமுறை நோக்குக. தோல்வியுற்று இரவெல்லாம் உறங்காதபோதும், 'வருந்துவது யார்?' என்று அமைதியோடு நோக்குக. விடை சொல்லாய் வாராது போகலாம். ஆயினும் பிடி சிறிது தளரும். தளர்ந்த கை அருகிருப்பவன் படகைத் தள்ளற்கு உதவும்.

நாளும் கால்மணி நேரம் இந்நோக்குக்கு ஒதுக்குதல் எவர்க்கும் அரிதன்று. ஆசிரியப் பெருமக்களும் பழைய மாணவரும் இதில் எம்மினும் மூத்தோர். தாம் கண்டது எம் கருத்துக்கு மாறாயினும் அடுத்த இதழில் எழுதி எம்மைத் திருத்துவாராக. நீர் நம்முடையதன்று, இன்றைய பாடு நம்முடையது. அதனை விழித்திருந்து செய்வோமாக. செய்யுங்கால், பாடின்றிக் கரையில் நிற்பாரையும் 'நாம்' என்னுஞ் சொல்லுள் உளப்படுத்துவோமாக.